பீட்டா பிளாக்கர் மாத்திரை: மருந்துக் கடையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் மருந்தாளுநராக நின்றிருக்கிறேன். பிரஷர் மாத்திரை, ஹார்ட் மாத்திரை, படபடப்பு மாத்திரை, தலைவலி மாத்திரை என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கேட்பார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்தாக இருக்கும். அந்தக் குடும்பத்தின் பெயர்தான் பீட்டா பிளாக்கர். கவுன்டரில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்வது என் வேலையும் இல்லை. எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பத்திரமாகச் சாப்பிடுவது எப்படி என்பதோடு என் எல்லை முடிகிறது.

நான் சாப்பிடுவது பீட்டா பிளாக்கர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டையில் பெரிதாக அச்சடித்திருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அது 'லால்' என்று முடிந்தால் அநேகமாக இந்தக் குடும்பம்: அட்டெனலால், மெட்டோபுரலால், பைசோபுரலால், புரொப்ரனலால், நெபிவலால், கார்வெடிலால், லேபெடலால். "என்ன சார், சௌகார்பேட்டையில் கூட்டுக்குடும்பமா?" என்று ஒரு மாமா கேட்டார். அன்றிலிருந்து நானும் அப்படிச் சொல்லித்தான் புரியவைக்கிறேன். கான்கார் என்பது பைசோபுரலால். மெட் எக்ஸ்எல் என்பது மெட்டோபுரலால். இண்டெரால், சிப்லார் இரண்டும் புரொப்ரனலால்.

பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகளையும் கவனியுங்கள். 'ஏஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் கூடவே அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தும் அதே மாத்திரைக்குள் இருக்கிறது. அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு வாங்கிப் போனால் நீங்கள் சாப்பிடுவது பாதி வைத்தியம். சீட்டில் இல்லாத எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தால் வேண்டாத மருந்தும் சேர்ந்து உள்ளே போகும்.

இது உடம்புக்குள் என்னதான் செய்கிறது?

பயந்தாலோ ஓடினாலோ கோபப்பட்டாலோ அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது இதயத்தில் இருக்கும் பீட்டா என்ற வாசல்கள் வழியாகப் போய், "வேகமாக அடி, பலமாக அடி" என்று விரட்டுகிறது. மாத்திரை அந்த வாசல்களில் உட்கார்ந்துகொண்டு அட்ரினலினை உள்ளே விடுவதில்லை. துடிப்பு நிதானமாகிறது, பிரஷர் இறங்குகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். அவர் காலத்து வைத்தியம், நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு ரத்த வரத்தைக் கூட்டப் பார்த்தது. அவரோ வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைத்தால் என்ன என்று திருப்பி யோசித்தார். மாதக் கடைசியில் நம் வீடுகளில் நடக்கிற அதே கணக்கு! 1960-களில் புரொப்ரனலால் வந்தது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

பிபிக்கு மட்டும்தானா?

இல்லை. சொல்லப்போனால், வேறு தொந்தரவு இல்லாத வெறும் பிபிக்கு இப்போது பல டாக்டர்கள் முதலில் எழுதுவது இதை அல்ல. பிரிட்டனில் 2006-லேயே முதல் வரிசையிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். பக்கவாதத்தைத் தடுப்பதில், குறிப்பாக வயதானவர்களிடம், மற்ற பிரஷர் மருந்துகள் அளவுக்கு இது உதவவில்லை என்று தெரிந்ததுதான் காரணம். அதற்காக உங்கள் டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பிபியோடு நெஞ்சுவலியோ படபடப்போ சேர்ந்திருந்தால் இதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

மாரடைப்பு வந்தவர்கள், ஏறும்போதும் நடக்கும்போதும் நெஞ்சு அடைக்கிறவர்கள், துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்கள் இதைச் சாப்பிடுகிறார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆயுளைக் கூட்டும் மருந்து. ஆனால் அவர்களுக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல மெதுவாக ஏற்றுவார்கள். பைசோபுரலால் என்றால் 1.25 மில்லிகிராம், கார்வெடிலால் என்றால் 3.125. "இத்தனூண்டு மாத்திரையா?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எடுத்த எடுப்பில் பெரிய அளவைக் கொடுத்தால் அந்த இதயம் தாங்காது.

இதயத்துக்கு வெளியேயும் இதற்கு வேலை இருக்கிறது. அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலியைத் தடுக்க புரொப்ரனலால் தருகிறார்கள். வலி வந்தபின் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது, தினமும் சாப்பிட வேண்டும். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். பரம்பரையாக வரும் கை நடுக்கம், தைராய்டு அதிகமாகிப் படபடப்பது, கல்லீரல் கெட்டு உணவுக்குழாய் ரத்தக்குழாய்கள் வீங்கியிருப்பது, கைக்குழந்தைகளின் முகத்தில் வளரும் சிவப்பு ரத்தக்குழாய்க் கட்டி, கண்ணில் அழுத்தம் எனப் பட்டியல் நீளும்.

கச்சேரிக்கு முன்னால் கை நடுங்குகிறது. ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

மார்கழி வந்தால் என் கவுன்டருக்குத் தவறாமல் வரும் கேள்வி. சபாவில் முதல் மேடை ஏறப்போகும் வயலின்காரர், வைவாவுக்குப் போகும் மாணவி, இன்டர்வியூவுக்குப் போகும் பையன், எல்லாருமே கேட்டிருக்கிறார்கள். மேடைப் பயத்துக்குக் குறைந்த அளவு புரொப்ரனலாலை மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்ளச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. கை நடுக்கமும் நெஞ்சு அடிப்பதும் குறையும். மனசுக்குள் இருக்கும் பயம் அப்படியேதான் இருக்கும், அது கை வரை வராது, அவ்வளவுதான். கை நடுங்காது என்பதாலேயே துப்பாக்கி சுடுதலில் இது தடை செய்யப்பட்ட மருந்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரிய வீரர் கிம் ஜோங் சு புரொப்ரனலால் சோதனையில் சிக்கி இரண்டு பதக்கங்களை இழந்தார்.

ஆனால் நண்பர் கொடுத்த மாத்திரையை மேடை நாளன்று முதல்முறையாகப் போடாதீர்கள். உங்களுக்கு வீசிங் உண்டா, துடிப்பு ஏற்கெனவே குறைவா, பிரஷர் குறைவா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்த பிறகும், ஒரு சாதாரண நாளில் வீட்டில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வர்ணம் பாடும்போது கிறுகிறுத்தால் என்ன செய்வீர்கள்?

எனக்கு வீசிங் உண்டு. சாப்பிடலாமா?

இதை டாக்டரிடம் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடப் போடாதீர்கள். இந்த வாசல்கள் மூச்சுக்குழாயிலும் இருக்கின்றன. அங்கே அவை திறந்திருந்தால்தான் குழாய் விரிந்திருக்கும். புரொப்ரனலால், கார்வெடிலால், லேபெடலால் போன்றவை இதயம், மூச்சுக்குழாய் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அடைத்துவிடும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இறுகும். அவசரத்துக்கு அடிக்கும் இன்ஹேலரும் அதே வாசல் வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும் என்பதால் அதுவும் சரியாகக் கேட்காது. பைசோபுரலால், மெட்டோபுரலால், அட்டெனலால், நெபிவலால் ஆகியவை இதயத்தையே அதிகம் குறிவைப்பவை. தேவை பெரிதாக இருந்தால் டாக்டர் யோசித்து, கண்காணித்துத் தரலாம். ஆனால் அளவு கூடக் கூட அந்த வித்தியாசமும் மங்கிவிடும்.

கடைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தப்பு இன்னும் உறுத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் காலி அட்டையைக் காட்டி, "படபடப்பாக இருக்கு, இதே கொடுங்க" என்று ஒரு அம்மா கேட்டார். சீட்டு கேட்காமல் புரொப்ரனலால் நான்கு மாத்திரை வெட்டிக் கொடுத்தேன். அன்று ராத்திரியே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு வீசிங். பிழைத்துக்கொண்டார். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அட்டையின் பின்பக்கம் போட்டிருக்கும் சிவப்புக் கோடு எதற்கு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

கண்ணுக்கு ஊற்றும் டிமலால் சொட்டு மருந்தும் இதே குடும்பம்தான். சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, டாக்டரிடம் சொல்வதும் இல்லை. கண் வழியாக மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்து, அதுவும் மூச்சை இறுக்கலாம், துடிப்பைக் குறைக்கலாம். ஊற்றியதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே போகும் அளவு குறையும்.

சுகர் உள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

இன்சுலினோ, சுகரை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சில சமயம் சுகர் தாழ்ந்துவிடும். கை நடுக்கமும் படபடப்பும் அப்போது எச்சரிக்கை மணி அடிக்கும். பீட்டா பிளாக்கர் அந்த மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. வியர்வை மட்டும் மிஞ்சும். நம் ஊரில் இதில்தான் சிக்கல். மே மாதத்தில் தி.நகர் கூட்டத்தில் வியர்க்காத ஆள் யார்? அதனால் வியர்வையை மட்டும் நம்ப முடியாது. திடீரென்று குழப்பம், எரிச்சல், கண் மங்கல், அசாத்தியப் பசி என்று எது வந்தாலும் குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏகாதசி, ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

பிபி நார்மலாகிவிட்டது. நிறுத்திவிடலாமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாத்திரை மாதக்கணக்கில் வாசலை மறித்து நிற்கிறது. உடம்பு சும்மா இருக்குமா? புதிது புதிதாக வாசல் திறந்துவைக்கிறது. திடீரென்று மாத்திரையை நிறுத்திவிட்டால் பழைய வாசல், புது வாசல் எல்லாவற்றிலும் அட்ரினலின் ஒன்றாகப் புகுந்துவிடும். நிறுத்திய சில நாட்களிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் துடிப்பு எகிறும், பிரஷர் முன்பைவிட மேலே போகலாம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்புகூட வரலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் டாக்டர் ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு படிப்படியாக இறக்குவார்.

பாதிப் பேர் வேண்டுமென்று நிறுத்துவதில்லை, தீர்ந்துபோய் நிற்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு பெரியவருடைய மாத்திரை டப்பா தண்ணீரோடு போய்விட்டது. நான்கு நாள் கடைகளும் இல்லை. ஐந்தாம் நாள் மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். நெஞ்சு இறுக்கம், துடிப்பு எண்ண முடியாத வேகம். மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்ப எனக்குத் துணிவில்லை, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டேன். 2023 மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்கள் இதே கதையைச் சொன்னார்கள். ஐப்பசி பிறந்ததும் கையிருப்பில் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை இருக்கட்டும். ஒரு அட்டையை ஜிப் கவரில் போட்டு, சீட்டின் போட்டோவை மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாரடைப்புக்குப் பிறகு இதை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா என்பது இப்போது டாக்டர்களுக்குள்ளேயே விவாதத்தில் இருக்கிறது. இதயத்தின் பம்ப் வேலை நன்றாக இருப்பவர்களுக்குப் பெரிய லாபம் தெரியவில்லை என்று 2024-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இன்னொன்று, நிறுத்தியவர்களுக்குத் தொந்தரவு கூடியது என்றது. எனவே "எனக்கு இன்னும் வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்விதான். வாட்ஸ்ஆப்பில் வந்ததைப் படித்துவிட்டு நிறுத்துவது வேறு விஷயம்.

ஒரு வேளை மறந்துவிட்டேன்.

ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

பல்ஸ் எவ்வளவு இருக்கலாம்?

காலையில் காபிக்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஐம்பத்துச் சொச்சம் இருப்பது சகஜம். 50-க்குக் கீழே போனால் அடுத்த வேளையைப் போடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். எண்ணிக்கை எதுவானாலும் கண் இருட்டினாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

ரொம்ப அசதியாக இருக்கிறது, கை கால் சில்லிடுகிறது, கெட்ட கனவு வருகிறது...

எல்லாம் இந்த மாத்திரையால் வரக்கூடியவைதான். அசதி பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் குறையும். கனவும் தூக்கக் கெடுதியும் புரொப்ரனலாலில் அதிகம், அது மூளைக்குள் எளிதாகப் போய்விடும் மருந்து. படுக்கையிலிருந்து சடாரென்று எழுந்தால் கிறுகிறுக்கும், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். முதல் சில நாள் ஸ்கூட்டர் ஓட்டாமல் இருப்பது நல்லது.

ஆண்கள் கடையில் கூட்டம் குறையும் வரை காத்திருந்து கேட்கும் ஒரு கேள்வியும் உண்டு. ஆமாம், சிலருக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம். ஆனால் வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களிடம் அது அதிகமாக வந்தது என்று இத்தாலியில் ஒரு ஆய்வு காட்டியது. பாதி மருந்து, பாதி மனசு. இதற்காகச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்ட நாலைந்து பேரை எனக்கே தெரியும். டாக்டரிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மாற்று மருந்து இருக்கிறது.

மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து கொடுக்கலாமா?

'எக்ஸ்எல்', 'ஈஆர்', 'டிஆர்' என்று போட்டிருந்தால் கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மருந்து பொடித்தால் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நடுவில் கோடு போட்ட சில மெட்டோபுரலால் மாத்திரைகளைப் பாதியாக உடைக்கலாம், ஆனால் அப்போதும் மெல்லக் கூடாது. உங்கள் அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வேறு நிறத்தில் இருக்கிறதே?

நிறமும் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அரசு ஆஸ்பத்திரியிலோ, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருவதிலோ, முதல்வர் மருந்தகத்திலோ வாங்குவது பெரும்பாலும் மருந்தின் சொந்தப் பெயரில் இருக்கும். வீட்டில் ஏற்கெனவே இருப்பது கம்பெனிப் பெயரில் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் சாப்பிட்டு, பல்ஸ் 42-இல் வந்து நின்ற ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். எங்கே வாங்கினாலும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, பையோடு டாக்டரிடம் போங்கள்.

காலையில் நடக்கப் போகிறேன். வாட்சில் துடிப்பு ஏறவே மாட்டேன் என்கிறது.

ஏறாது. அதைத் தடுக்கத்தானே மாத்திரை! வயதுக்கு இத்தனை துடிப்பு என்று வாட்ச் போடும் இலக்கை மறந்துவிடுங்கள், அதைத் துரத்தி மெரினாவில் ஓட வேண்டாம். நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அந்த வேகம் போதும். கத்திரி வெயிலில் உடம்பில் நீர் குறைந்தால் பிரஷர் இன்னும் தாழும். வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் மோரும் இருக்கட்டும். இதயம் பலவீனமானவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்க வேண்டாம்.

எந்த மருந்துகளோடு ஒத்துப்போகாது?

வெராபமில், டில்டியாசெம் இரண்டும் துடிப்பைக் குறைப்பவை. சேர்ந்தால் இதயம் அளவுக்கு மீறி மந்தமாகும். குளோனிடின் சாப்பிடுகிறவர் அதை இஷ்டத்துக்கு நிறுத்தினால் பிரஷர் ஆபத்தாக ஏறும். முட்டிவலிக்குக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் பிரஷர் மருந்தின் வேலையைக் குறைக்கும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளில் பிரஷரை ஏற்றும் சரக்கு இருக்கிறது. மனச்சோர்வுக்கான ஃப்ளூஆக்சடின், பாராக்சடின் போன்றவை மெட்டோபுரலாலை உடம்பில் தேங்கவைக்கும். நாட்டு மருந்துதானே என்று சர்ப்பகந்தா சேர்ந்த பிரஷர் மருந்தையும் கூடவே சாப்பிட்டால், இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும். டாஸ்மாக் சரக்கும் அப்படித்தான், எழுந்து நிற்கும்போது தெரியும்.

பல் பிடுங்கப் போகிறேன். அன்றைக்கு மட்டும் நிறுத்தட்டுமா?

நிறுத்த வேண்டாம், ஆனால் சொல்லிவிடுங்கள். மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும். புரொப்ரனலால் மாதிரி மருந்து சாப்பிடுகிறவருக்கு அது பிரஷரைத் தூக்கிவிடலாம். ஆபரேஷன் என்றாலும் இதே விதிதான், மயக்க மருந்து டாக்டர் சொன்னால் தவிர அன்று காலை மாத்திரையையும் விடாதீர்கள். குளவி கொட்டியோ, இறால் சாப்பிட்டோ கடுமையான அலர்ஜி வரும் உடம்பு என்றால் அதையும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உயிர் காக்கப் போடும் அட்ரினலின் ஊசி இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

கர்ப்பமாக இருக்கிறேன்.

கர்ப்ப காலப் பிரஷருக்கு லேபெடலால் வெகுகாலமாகக் கொடுத்துவருகிறார்கள். அட்டெனலாலைத் தவிர்ப்பார்கள், குழந்தையின் வளர்ச்சி குறையலாம். எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நாள் தள்ளியதும் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பயந்துபோய் நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்?

மயங்கி விழுந்தால், மூச்சு இறுகி வாக்கியம் முடிக்க முடியாவிட்டால், நெஞ்சுவலி வந்தால், உதடு முகம் வீங்கினால். மாத்திரையைத் தவறி அதிகமாகப் போட்டுவிட்டாலும், வீட்டுக் குழந்தை எடுத்து விழுங்கிவிட்டாலும் இப்போது நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். மெதுவாகக் கரையும் மாத்திரை என்றால் பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் வரலாம். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் எத்தனை காலி என்று எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே போன அளவை டாக்டர் கணக்கிடுவார்.